பாஸான வண்டி

கார் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பார்கள், டயரைத் தடவிப் பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாதவர்கள்கூட தெருவை ஒரு சுற்று ஓட்டியாவது பார்ப்பார்கள். ஃபஸ்ட்கிளாஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிற நம் ஆள் சீட்டை அமுக்கிப் பார்த்தார். காலமெல்லாம் சோபாக் கடையில் விற்பனையாளராக இருப்பவருக்கு உள்ளங்கையை வைத்து அழுத்தி, எடுத்து, மெத்தை எழும்புகிறதா என்று பார்க்கிற பரிசோதனை ஒன்றுதான் தெரியும். முன்சீட், பின்சீட் எல்லாவற்றையும் அமுக்கினார். தலையை உள்ளே நீட்டி மோந்து பார்த்தார். "ஃபஸ்ட் கிளாஸ்" என்றார். அன்று சாயங்காலமே யாரோ ஓட்டித் தேய்த்த அந்தக் கார் அவர்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வந்து நின்றது.

அந்த வார்த்தையால்தான் அவருக்கு அந்தப் பெயர். கடையில் கால் ஆடுகிற சோபா ஃபஸ்ட் கிளாஸ். வீட்டில் ஒழுகுகிற குழாய் ஃபஸ்ட் கிளாஸ். பக்கத்து வீட்டுக்காரர் இரும இரும மாடியேறி வந்து மூச்சு வாங்க நின்றால், "உங்களுக்கென்ன, ஃபஸ்ட் கிளாஸா இருக்கீங்க" என்பார். குறை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் வாய் வெந்துவிடும் என்று நினைப்பவர். கடையில் அது பிழைப்பு, சரி. அதே வாயை வீட்டுக்கும் கொண்டு வந்தால் அதற்கு என்ன பெயர்? அவருடைய அக்காவும் அத்தானும் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வண்டியை ஓட்டுவதும் அதை வைத்துச் சம்பாதிப்பதும் அவர் மனைவி. குடியிருப்பில் அவளை ஊசியக்கா என்பார்கள். விடிந்ததும் விடியாததுமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, சூடேறுவதற்குள் லேபில் கொண்டு சேர்க்கிற வேலை. நரம்பே தெரியாத கிழட்டுக் கையிலும் விரல் நுனியால் தடவி ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். கை அப்படி, வாய் அதைவிடக் கூர்மை.

அவளுக்கு எரிச்சல் மூட்டுகிற ஒரு கூட்டம் உண்டு. மாசமெல்லாம் இனிப்பை அள்ளிப் போட்டுக்கொண்டு, சர்க்கரைச் சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது பட்டினி கிடப்பவர்கள். பூங்காவை இருபது முறை சுற்றுவார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, "இந்தத் தடவை பாஸாயிடுவேன்ல?" என்று பல்லைக் காட்டுவார்கள். நல்ல ரிசல்ட்டை எடுத்துப் போய் டாக்டர் முகத்தில் கரி பூசிவிட்டு, போகிற வழியில் கேக் கடையில் நிற்பார்கள். "யாரை ஏமாத்துறாங்க இவங்க? என்னையா, டாக்டரையா?" என்று அவள் கேட்பாள். அவள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். கடையில் ஊழியர்களுக்கு வருஷா வருஷம் நடக்கிற பரிசோதனைக்கு முன்னால் அவரும் அப்படித்தான் வயிற்றைக் காயப்போட்டார். பாஸும் ஆனார்.

குளிர்காலம் ஆரம்பித்ததும் வண்டி தன் குணத்தைக் காட்டியது. கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏற ஒரு சரிவு உண்டு. ராத்திரி முழுக்கக் குளிரில் நின்ற வண்டியை அந்த ஏற்றத்தில் விட்டால், எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும். சக்கரத்துக்கு விஷயமே போய்ச் சேராது. வண்டி பின்னால் சறுக்கும். பிறகு யாரோ உதைத்த மாதிரி முன்னால் எகிறும். தெருவில் கொஞ்ச தூரம் ஓடிச் சூடாகிவிட்டால், பாலும் பழமும் சாப்பிட்ட பிள்ளை மாதிரி போகும். ஒரு நாள் காலையில் சரிவைக் கழுவிக்கொண்டிருந்த காவலாளி கடைசி நொடியில் தாவி ஒதுங்கினார். அவருடைய வாளி சக்கரத்துக்கு அடியில் தட்டையாகிவிட்டது.

அன்று சாயங்காலம் ஃபஸ்ட்கிளாஸ் கடையிலிருந்து வந்து, சப்பாத்தைக் கழற்றி, வலது கால் கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தார். புதுச் சப்பாத்து கடித்த புண். சப்பாத்து பழசாகியும் புண் ஆறவில்லை.

"ஏங்க, இன்னைக்கும் சறுக்கிடுச்சு" என்றாள்.

"எது?"

"வண்டிதான். மிதிக்க மிதிக்க எஞ்சின் கத்துது, வண்டி பின்னாடி போவுது. காவலாளி அண்ணன் மட்டும் குதிக்கலேன்னா வாளிக்குப் பதிலா அவர் காலு."

"பிரேக்கை ஒழுங்கா மிதிச்சிருக்க மாட்ட."

"இத்தனை வருஷமா ஓட்டுறேன், பிரேக் எதுன்னு தெரியாதா எனக்கு?"

"குளிர்ல மனுசனுக்கே எழுந்திரிக்க முடியல. வண்டிக்கும் அப்படித்தான் இருக்கும். மத்தபடி ஃபஸ்ட் கிளாஸ் வண்டி. சீட்டு இன்னும் அமுங்கல பாரு."

"சீட்டு மேல உக்காந்துக்கிட்டே பின்னாடி போறதுக்கா? இங்க பாருங்க, வெள்ளிக்கிழமையோட கம்பெனி வாரண்டி முடியுது. அதுக்குள்ள காட்டினா அவங்க செலவுல கியர்பாக்ஸை மாத்துவாங்க. சனிக்கிழமை போய் நின்னா நம்ம தலையில விழும். அந்தச் செலவுக்கு வண்டியையே வித்துடலாம். வண்டி இல்லேன்னா லேப்ல என்னை வெச்சிருப்பாங்களா? ரெண்டு தடவை லேட்டாயிடுச்சுன்னு ஏற்கெனவே மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காங்க."

"சரி விடு, நானே கொண்டு போறேன்."

"வேணாம். நான் லீவு போட்டுட்டுப் போறேன்."

"ஒர்க்‌ஷாப்புக்குப் பொம்பளை போனா தலையில மிளகா அரைச்சுடுவாங்க. பேசுறதுக்குன்னு ஒரு ஆள் வேணும். பேச்சு நம்ம தொழில்."

பேச்சு அவர் தொழில் என்பது உண்மை. எந்தப் பக்கத்துக்காகப் பேசுவார் என்பதுதான் அவளுக்குக் கவலை. அவளுக்கும் அந்த வாரம் லீவு கேட்கிற நிலைமை இல்லை. வேறு வழியில்லாமல் சாவியைக் கொடுத்தாள்.

"காலையில எடுத்ததும் நேரா போங்க. சூடாகறதுக்குள்ள அவங்களை ஓட்டச் சொல்லுங்க. ஏத்தத்துல சறுக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்."

"எனக்கே பாடமா?" என்றார்.

புதன்கிழமை அவள் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். தூறல் வேறு. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதில் எதிரே உட்கார்ந்திருந்தவர் உள்ளே கைக்குழந்தையோ என்று எட்டிப் பார்த்தார். அவர் இடம் கொடுக்க எழுந்திருக்கவில்லை, பார்த்ததோடு சரி.

ஃபஸ்ட்கிளாஸ் நேராகப் போனாரா? போவாரா? இத்தனை பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு அழுக்கு வண்டியோடு போனால் மரியாதை என்ன ஆவது? முதலில் கார் கழுவுகிற இடத்துக்குப் போனார். நுரை போட்டுக் கழுவி, சக்கரத்துக்குக் கறுப்புப் பூசி, எஞ்சினைக்கூடத் துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார்கள். கண்ணாடியில் வாசனை அட்டை ஒன்று தொங்கியது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லியிருந்தால் பொட்டும் வைத்திருப்பார். பிறகு ஊரைச் சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அங்கே தேநீர். அத்தானுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டினார். "நானும் வர்றேன் மாப்ளே, சும்மாதானே இருக்கேன்" என்று அத்தானும் ஏறிக்கொண்டார். சும்மா இருப்பதில் அவருக்கு நிகர் யாரும் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. வண்டி நன்றாகச் சூடாகி, கொஞ்சின பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது.

அங்கே வாடிக்கையாளர்களிடம் பேசுவதற்கென்று டை கட்டின ஒருவர் இருந்தார். டைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, "பழைய வண்டி மாதிரியே தெரியலையே சார். என்னமா வெச்சிருக்கீங்க!" என்றார்.

ஒரு விற்பனையாளனை விழவைக்க இன்னொரு விற்பனையாளனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஃபஸ்ட்கிளாஸ் முகம் மலர்ந்துவிட்டது. "வெச்சிருக்கிறது நம்ம கையில இருக்கு சார்."

"அப்புறம், கம்ப்ளெய்ன்ட் ஏதாவது?"

அத்தான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் இந்த வண்டியின் புகழைத்தான் அவர் காதில் ஊற்றியிருந்தார் நம் ஆள். இப்போது வண்டி சறுக்குகிறது என்றால் வாங்கினவன் சறுக்கினான் என்று அர்த்தம். யாரோ ஒரு காவலாளியின் கால் பெரிதா, அத்தான் முன்னால் தன் முகம் பெரிதா?

"கம்ப்ளெய்ன்டா?" சிரித்தார். "ஒரு குறையும் இல்ல. சும்மா ஒரு தடவை பாத்துடலாம்னு வந்தோம். ஃபஸ்ட் கிளாஸ் வண்டி."

டைக்காரருக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆயிற்று. வாரண்டி முடிகிற வாரத்தில் குறையே இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை எந்த ஒர்க்‌ஷாப்பும் கும்பிட்டுத்தான் அனுப்பும். யாரோ ஏறி வாசல்வரை ஓட்டினார்கள், திருப்பினார்கள், இறங்கினார்கள். எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லி, கையும் குலுக்கினார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மேசையில் ஒரு கேக் இருந்தது. அவர் ஏற்கெனவே ஒரு துண்டை முடித்து இரண்டாவதில் இருந்தார்.

"பாஸ்!" என்றார் வாய் நிறைய.

"என்ன பாஸ்?"

"வண்டிதான். எல்லாத்தையும் பாத்துட்டாங்க. ஒண்ணுகூடச் சொல்ல முடியல அவங்களால. அத்தான் அசந்துட்டாரு. எடுத்துக்கோ, சாப்பிடு."

அவள் ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"சறுக்குதுன்னு சொன்னீங்களா?"

"எங்க சறுக்குச்சு? சறுக்கவே இல்லையே."

"சொன்னீங்களா, இல்லையா?"

"நல்லா ஓடுற வண்டியப் பத்தி நாமளே போய்க் கோள் சொல்றதா? அந்தாளு என்னமா பாராட்டினான் தெரியுமா? என்னமா வெச்சிருக்கீங்கன்னு…"

"கழுவினீங்களா?"

"பின்னே? அழுக்கோடயா போறது?"

"அக்கா வீட்டுக்கும் போயிட்டுத்தான் போயிருக்கீங்க."

"வழியிலதானே இருக்கு."

வழியில் இல்லை. வேறு திசை. அவள் குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

"நான் என்ன பரீட்சைக்கா அனுப்பினேன்? பாஸ் வாங்கிட்டு வந்து கேக் வெட்டுறதுக்கு? ஃபெயிலாகத்தாங்க அனுப்பினேன்! குறை இருக்குன்னு அவங்க வாயால சொல்லணும்னுதான் அனுப்பினேன். இருக்கிற குறையக் கழுவித் துடைச்சு, சென்ட் அடிச்சுக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்திருக்கீங்களே, எந்த ஊரு புத்தி இது?"

"சத்தம் போடாத. யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?"

"அதான் உங்க கவலை. நாளைக்கு அந்த ஏத்தத்துல எவன் மேலயாவது ஏத்திட்டு நிக்கும்போதும் இதையே கேளுங்க."

அவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. தினம் தினம் ஊர்க்காரர்களிடம் பார்க்கிற அதே திருட்டுப் பட்டினி, தன் வீட்டில் நான்கு சக்கரம் வைத்து நிற்கிறது என்று நினைத்தாள். கேக்கில் அவள் கை வைக்கவில்லை. மிச்சத்தையும் அவரே தின்று தீர்த்தார். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து எழுந்து போனார்.

வியாழக்கிழமை லேபில் கெஞ்சிக் கூத்தாடி மறுநாள் காலைச் சுற்றை இன்னொருத்தியிடம் தள்ளிவிட்டு, சாயங்காலம் அவளே வண்டியை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். டைக்காரர் சிரித்தார்.

"நேத்துதான் மேடம் சார் வந்தாரு. ஒரு குறையும் இல்லேன்னு அவரே சொன்னாரே."

"அவர் சொன்னதக் கேட்டீங்க. நாளைக்கு வண்டி சொல்றதையும் கேட்டுடுங்க."

"நாங்க ஓட்டிப் பாத்துட்டோமே மேடம்."

"சூடான வண்டிய ஓட்டினீங்க. இது ராத்திரி இங்கயே, வெளியில நிக்கட்டும். காலையில நான் வர்ற வரைக்கும் யாரும் சாவி போடக் கூடாது. அப்புறம் உங்க சரிவுலயே நீங்களே ஏத்திக் காட்டுங்க."

"அப்படியெல்லாம் வழக்கமில்ல மேடம். திங்கக்கிழமை வேணா…"

"திங்கக்கிழமை எதுக்குன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். முடியாதுன்னா உங்க மேனேஜரக் கூப்பிடுங்க. அவர் வர்ற வரைக்கும் நான் இந்த வாசல்ல, இந்த நாற்காலியில உக்காந்து, வர்றவங்க எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டிருப்பேன். எனக்கும் பேச வரும்."

டைக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பனி மூட்டம். மூச்சு விட்டால் புகை வந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லியும் ஃபஸ்ட்கிளாஸ் கூடவே வந்தார். "பாஸான வண்டிய மறுபடியும் கொண்டுபோய் நிறுத்தி மானத்த வாங்குற. நான் வந்து சமாதானம் பண்ணணும்" என்றார். சரிவின் அடியில் வண்டி பனியில் நனைந்து நின்றது. சரிவுக்குப் பக்கவாட்டில் கார் கழுவுகிற இடம். சோப்புத் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளம். டைக்காரர் ஒரு கையில் காபிக் கோப்பையோடு ஏறி உட்கார்ந்தார். ஒற்றைக் கையால் ஓட்டிக் காட்டுகிற அலட்சியம்.

ஃபஸ்ட்கிளாஸ் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "போகலாம், போகலாம்" என்று கையை ஆட்டினார்.

"ஏங்க, பின்னாடி நிக்காதீங்க. இந்தப் பக்கம் வாங்க."

"ஒண்ணும் ஆகாது. நீ சும்மா இரு. இது ஃபஸ்ட்…"

எஞ்சின் கத்தியது. வண்டி ஏறவில்லை. டைக்காரர் இன்னும் அழுத்தினார், கத்தல் கூடியது. வண்டி மெதுவாக, பிறகு வேகமாக, தன்னை வாங்கின புண்ணியவானைத் தேடிப் பின்னால் வந்தது. கையை ஆட்டிக்கொண்டிருந்தவர் அந்தக் கையைத் தூக்கியபடியே பக்கத்தில் பாய்ந்து சோப்புத் தண்ணீரில் உட்கார்ந்தார். அடுத்த நொடி வண்டி முன்னால் எகிறியது. காபி முழுக்க டையிலும் சட்டையிலும்.

அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் தூக்கினாள். அடி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் திரும்பினாள்.

டைக்காரர் சட்டையை உதறிக்கொண்டே இறங்கினார். "குளிர்ல சில வண்டிங்க இப்படி… கொஞ்சம் சூடானா சரியாயிடும் மேடம்."

"வாரண்டி வெயில் காலத்துக்கு மட்டும்தான்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அவர் கைக்குட்டையை எடுத்து டையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சந்தேகம் இருந்தா இன்னொரு தடவை ஏத்துங்க. இந்தத் தடவை காபி வேணாம்."

இன்னொரு தடவை ஏற்ற அவர் தயாராக இல்லை. உள்ளே போய் அன்றைய தேதியிலேயே குறையைப் பதிந்துகொண்டார். அவர் பதிந்து முடிக்கும்வரை அவள் தலைமாட்டிலேயே நின்றாள். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்து, புது கியர்பாக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரு காசு செலவில்லை. அதுவரை பஸ்ஸில் போய்த் தோள்பட்டை வீங்கியதுதான் மிச்சம்.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் சாப்பிட வந்தார். அவள் சமையலறையில் இருந்தாள். கூடத்துப் பேச்சு சுவரைத் தாண்டி வந்தது.

"ஏன் மாப்ளே, கியர்பாக்ஸை மாத்தினாங்களாமே? வண்டியில ஏதாவது கோளாறா?"

"கோளாறா? ஒரு குறையும் இல்ல அத்தான். இவ்வளவு நல்லா வெச்சிருக்கேனேன்னு கம்பெனிக்காரன் பாத்தான். இந்த மாதிரி கஸ்டமருக்குப் புதுசே போட்டுடலாம்னுட்டான். நான் வேணாம்னுதான் சொன்னேன்."

"அதுக்குத்தான் பேசத் தெரியணும்கிறது."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. இவருக்குச் சோப்பு நுரைகூட ஒட்டவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். கூடத்தில் அவர் செருப்பை நழுவவிட்டு வலது காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்திருப்பது வாசல்வழியாகத் தெரிந்தது. கட்டைவிரல் புண்ணைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது. அவரைத் திட்டித் தீர்ப்பதில் இத்தனை நாளும் அந்தப் புண்ணை விட்டுவிட்டோமே என்று பட்டது.

மறுநாள் காலை ஃபஸ்ட்கிளாஸ் கண்ணைத் திறந்தபோது அவருடைய மேல்கையில் ரப்பர் பட்டை இறுகியிருந்தது. கட்டில் விளிம்பில் அவள்.

"ஏய், என்ன பண்ற?"

"கையை நீட்டுங்க."

"எனக்கு எதுக்கு? கடையில பாத்தாச்சு. பாஸ்."

"அது மூணு நாள் வயித்தக் காயப்போட்டு வாங்கின பாஸ். இது மூணு மாசமா நீங்க என்ன தின்னீங்கன்னு சொல்ற சோதனை. கழுவித் துடைச்சுக்கிட்டு வர நேரம் தர மாட்டேன்."

"எனக்கு ஒரு குறையும்…"

ஊசி இறங்கியது. வழக்கம்போல ஒரே குத்து. குழாயில் பேரை எழுதி, மற்றவர்களின் குழாய்களோடு ஐஸ் பெட்டியில் வைத்தாள். கீழே போய் வண்டியை எடுத்தாள். காவலாளி பழக்கதோஷத்தில் புது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். வண்டி சத்தமில்லாமல் ஏறித் தெருவுக்குப் போனது.

சாயங்காலம் அவள் கதவைத் திறந்ததும் அவர் சோபாவிலிருந்து எழுந்தார். கடையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார்.

"பாஸா?" என்றார்.

"ஃபெயில்."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். உள்ளங்கை தானாகவே போய் மெத்தையை அமுக்கியது.

"ரொம்பவா?"

"ரொம்ப. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். அங்க சப்பாத்தைக் கழட்டி அந்தக் கால் புண்ணைக் காட்டணும். ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்கன்னு சொல்லணும். ஒரு குறையும் இல்லேன்னு அங்கயும் ஆரம்பிச்சீங்கன்னா உங்க வாயைப் பொத்திட்டு நான் சொல்லுவேன். இந்தக் கால் போச்சுன்னா புதுசு போட்டுத் தர எந்தக் கம்பெனியும் வராது."

அவர் கட்டைவிரல் இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றாமலே. முகம் வெளுத்திருந்தது. அவர் அப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது, பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

அவர் தலையைத் தூக்கினார். குரல் தழைந்திருந்தது.

"சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன்" என்றார். "அத்தானுக்கு மட்டும் தெரிய வேணாம்."